பௌர்ணமியன்று எதிர்த்திசையில் நடந்தோம்

என் ரஞ்சிக் கண்ணு,

நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அழுகையெல்லாம் பிறகு. உன் மகள் நிரோஜாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். கேட்கிறதா உனக்கு?

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் என் டிபன் கடை அப்படியேதான் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அகதி முகாமிலிருந்து வந்து நீ இடியப்பம் பிழிந்த மூலையில் வேறு ஆளை நிறுத்த மனசு வரவில்லை. அங்கே கிரைண்டரை வைத்துவிட்டேன். "இடியப்பத்துக்குத் தேங்காப்பால் சொதி ஊத்துற அந்த சிலோன்காரம்மா எங்க?" என்று இன்னும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

பிழிந்துகொண்டே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாய். "நான் பத்தாம் வகுப்போட நிண்டிட்டன் அக்கா. இவள் நிக்கக் கூடாது." முகாமில் பிறந்த பெண்ணுக்கு எதற்கு மேல்படிப்பு, எவன் வேலை தரப்போகிறான் என்று யாரோ சொன்ன அன்றைக்கு, நீ மாவை அடித்து அடித்துப் பிசைந்தாய்.

நிரோஜா பன்னிரண்டாவது முடித்ததும் அதே பேச்சு மறுபடியும் வந்தது. பெயின்ட் வேலைக்கு ஊர் ஊராகப் போகிற உன் வீட்டுக்காரர் என்ன செய்வார், பாவம்? துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அப்போதுதான் அந்த அறக்கட்டளைக்காரர்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முகாம் பிள்ளைகளையும், வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகளையும் படிக்க வைக்கிறவர்கள். செங்கம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் அவள் துணிக்கடையில் நின்றுகொண்டிருப்பாள்.

இங்கேதான் உன் அக்கா தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினாள். முகாமில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு முதல் நாளே என் வீட்டுக்கு வந்துவிடு, இங்கிருந்து பக்கம் என்று அவளிடம் சொன்னேன். அது பௌர்ணமி என்று தெரியாமல் இல்லை. திதி காலையிலேயே முடிகிறது, விடிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். விடுமுறை நாள் கூட்டம் திதி பார்த்தா கலையும்? இத்தனை வருஷம் பௌர்ணமியை வைத்தே பிழைக்கிறவள் போட்ட கணக்கைப் பார்!

விடிந்து பார்த்தால் கிரிவலப் பாதையில் தரை தெரியவில்லை. ஆட்டோ, பைக் எதையும் விடவில்லை. செங்கம் ரோட்டுக்குப் போக வேண்டுமானால், மலையைச் சுற்றி வருகிற அத்தனை ஜனத்துக்கும் எதிரே நடக்க வேண்டும். கொதிக்கிற சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். ஆமாம்டி, பௌர்ணமியில்! "நிலவு காணாமல் போனாத்தான் அக்கா நீங்கள் கடை பூட்டுவியள்" என்று கேலி செய்வாயே, நிலவு பத்திரமாக இருக்கும்போதே பூட்டினேன்.

எதிரே வந்தவர்கள் சும்மா விடவில்லை. "ஏம்மா, சாமியைச் சுத்துற வழியில எதிர்ல வர்றீங்களே, அறிவில்ல?" "பாவம் சேரும், திரும்புங்க." போதாக்குறைக்கு நிரோஜா காலில் புது ஷூ. "வெறுங்கால்ல சுத்துற பாதையில அதையும் போட்டுனு வருது பாரு!" என்று ஒருவர். அவள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"திரும்பிடலாம் பெரியம்மா. நேரம் ஆயிடுச்சி. இதெல்லாம் நமக்கு வேணாம்."

நமக்கு வேணாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்து, கடையில் கத்துகிற அதே தொண்டையில் கத்தினேன். "பொண்ணு படிக்கப் போவுது! நேரம் கம்மியா இருக்கு, கொஞ்சம் வழி விடுங்க!"

எதிரே, மாதாமாதம் என் கடையில் சாப்பிடும் கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றார்கள். அதில் ஒருத்தி பின்னால் திரும்பி, "பொண்ணு படிக்கப் போவுதாம், ஓரமா வாங்க!" என்று குரல் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே சொன்னார்கள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால். எங்களுக்கு முன்னே அந்தப் பேச்சு போய்க்கொண்டிருந்தது, ரஞ்சி. யார் வீட்டுப் பெண், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. "நல்லா படிம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கினார்கள். ஒரு அம்மா அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா?

பள்ளிக்கூட வாசல் குழாயில் காலைக் கழுவி, ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒன்பது எப்போதோ தாண்டிவிட்டது. நான் சாமியை வேண்டிக்கொண்டு நிற்கிறேன், கேள்வி கேட்கிறவர்களே அதே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வருகிறார்கள்! சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

"உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார்களாம். பள்ளியில் முகாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதேதோ சொல்லி வைப்பாளே, அந்த நிரோஜா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். "முகாம்ல பொறந்தேன் மேடம். திருவண்ணாமலைதான் எங்க ஊரு. இப்பதான் ஊரே எனக்கு வழி விட்டுச்சி."

போன வாரம் விடுதிக்குப் போனாள். பெட்டியில் துணிக்கு மேலே உன் படத்தை வைத்துக்கொண்டாள். அவள் அப்பா பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பியை விடவில்லை. படித்து முடிப்பதற்குள் அவள் கையிலிருக்கும் அகதி அட்டைக்கு ஒரு விடிவு வருமா? அதைக் காட்டினால் வேலை தருவார்களா? தெரியவில்லை. ஆனால் இவள் நிற்கவில்லை ரஞ்சி, நீ கேட்டது நடந்துவிட்டது.

முகாமிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் சாயங்காலத்தில் கடைக்கு வருகிறார்கள். அடுத்த வருஷம் அவர்களும் நேர்காணலுக்குப் போக வேண்டுமாம். கிரைண்டரை நகர்த்திவிட்டேன். உன் மூலையில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்களைக் கூப்பிடுகிற நாள் கார்த்திகை தீபமாகவே இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு நானே கூட்டிப்போவேன். மொத்த ஜனமும் எதிரே வரட்டும். எனக்குத் தொண்டை இருக்கிறது.

உன் மகளுக்குப் பெரியம்மாவாகவும்
உனக்கு என்றும் அக்காவாகவும் இருக்கும்
வசந்தா