மீன்முள் தரைக்கு அடியில்

திருவொற்றியூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம்; மஸ்கட்டில் நீயும் மருமகன் ஜெரினும் குட்டி ஜெனிஷும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். மணலி ஆலைப் புகைக் காற்று இந்த வாரம் இந்தப் பக்கமே அடிக்கிறது, கொஞ்சம் இருமல், மற்றபடி பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். தங்கபுஷ்பம் மதினி மகன் அங்கே வருகிறான் என்றதும் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் முன்னறையில் மீன்முள் மாதிரி டைல்ஸ் போட்டோம். வீடியோவில் காட்டியபோது அழகாக இருக்கிறது என்றாய், சன்னல் பக்கம் மட்டும் ஏன் கோடு வளைந்து போகிறது என்று கேட்டாய், அப்பா சட்டென்று போனைத் திருப்பிவிட்டார். நடந்ததைச் சொல்கிறேன். டைல்ஸ் போட்டவர் இக்னேஷியஸ், ராயபுரத்துக்காரர், நிதானமான ஆள். பழைய சிவப்புத் தரையை உடைத்து, நூல் கட்டி, வாசலில் இருந்து ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். சன்னலை நெருங்கியதும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "யக்கா, நான் ஒரு தபா தட்னா கீழ இருந்து ரெண்டு தபா கேக்குது, நீயே கேளு" என்றார். தட்டினார், கேட்டது. தெருவில் கண்டெய்னர் லாரி போகிறது, அதன் அதிர்வுதான் என்றார் அப்பா. லாரி போன பிறகும் இக்னேஷியஸ் தட்டினார். அப்போதும் கேட்டது.

டைல்ஸை எடுத்துத் தோண்டினால் ஒரு கருங்கல் பலகை, அதை நெம்பினால் கிணறு. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், கறுப்பாக, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உன் தொட்டில் அதற்கு நேர் மேலேதான் தொங்கியது பெர்சிஸ். எதிர்வீட்டு பட்டம்மாள் இந்தத் தெருவிலேயே பிறந்தவள், அவளிடம் போய்க் கேட்டேன். "ஆமாம்மா, தெருவுக்கே அதான் தண்ணி. இன்னாத்துக்கு மூடனாங்கன்னு மட்டும் என்னாண்ட கேக்காத, நீ அந்த வூட்ல குடியிருக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா மணல் கொட்டச் சொன்னார். கொட்டக் கொட்ட உள்ளே போனது. மறுநாள் பார்த்தால் மணலைக் காணோம், தண்ணீர் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. கடைசியில் கம்பி கட்டிக் காங்கிரீட் மூடி போட்டார்கள், கிணறு மூச்சுவிட வழி வேண்டும் என்று இக்னேஷியஸ் ஒரு குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டார், பாஸ்டர் வந்து ஜெபித்தார். அதற்குப் பிறகு போட்டதுதான் நீ பார்த்த டைல்ஸ். வைக்கும்போது நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருந்தது, காய்ந்ததும் முட்கள் எல்லாம் அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இக்னேஷியஸ் பெயர்த்து மறுபடி போட்டார், மறுபடியும் அப்படியே. "என்னால ஆவாதுக்கா" என்று சாமானை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தரை எப்படியோ போகட்டும் மகளே, என் கவலை எல்லாம் அப்பாதான். மதியம் சாப்பிட வந்தால் அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுகிறார், குளிர்ச்சியாக இருக்கிறதாம், பிறகு கடைக்கே போவதில்லை. நேற்று "சரி, சரி" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார், போன் மேசை மேல் இருந்தது. யாரிடம் பேசுகிறீர்கள் என்றேன். "சத்தம் போடாத, கேட்டுக்கிட்டு இருக்கேம்லா" என்றார்.

இது கிடைத்ததும் பேரனைப் பார்க்க வாருங்கள் என்று நீயே அப்பாவைக் கூப்பிடு, நீ கேட்டால் மறுக்கமாட்டார். நான் எழுதியதைச் சொல்லிவிடாதே. குழந்தையை வெயிலில் தொப்பி இல்லாமல் கூட்டிப் போகாதே, ஜெரினை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழே வைத்துக் காப்பாராக. மறந்துவிடாதே, டிக்கெட் ஒன்று போட்டால் போதும். இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் அந்த அறையில் யாருமே இருக்கமாட்டார்கள், அதைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

உன் அன்பு அம்மா,
தேவகிருபை பொன்ராஜ்