ஈட்டிக்கு முதல் குத்து

இன்று காலை கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது உன் பன்னிரண்டு முகப் பகடை துடைப்பத்தோடு உருண்டு வந்தது. பதினொன்றைக் காட்டிக்கொண்டு நின்றது. போய்ச் சேர்ந்த பிறகும் உன் திமிர் அடங்கவில்லை.

அலிபிரிப் பக்கம் என் வீட்டில் ஞாயிறுதோறும், ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் அந்த ஆட்டத்தை ஆடினோம். நீ கதை சொல்லி, அரக்கர்களை ஏவி, விதிக்குத் தீர்ப்பும் சொல்வாய். நானும், நம்மோடு வேலை பார்த்த கிரியும், அவன் மனைவி லதாவும் வீரர்கள். கோடரிக்குப் பன்னிரண்டு முகப் பகடை, என் ஈட்டிக்கு வெறும் ஆறு முகம். விழும் எண்தான் அடியின் பலம். "குத்தினா ஓட்டைதான். வெட்டினா ஆளே ரெண்டு. இன்னும் குச்சியத் தூக்கிக்கினு திரியிறியே" என்பாய். ஈட்டி நீளமாயிற்றே, பாய்ந்து வருகிறவன் அதில் ஒரு குத்து வாங்கித்தானே உள்ளே வரவேண்டும் என்பேன். ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் அப்படி இல்லை என்பாய். விலகி ஓடுபவனைக் குத்தலாமாம், ஏறி வருபவனைக் கூடாதாம். என்ன நியாயமோ!

விதியில் சண்டை வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ச் செய்து பார்ப்பது நம் வழக்கம். நான் ஒட்டடைக் கம்பை நீட்டினேன். நீ சப்பாத்திக் கட்டையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாய். கம்பு உன் தொப்பையில் நின்றது. நீ வயிற்றைத் தடவிக்கொண்டே, "பட்டது நிஜம். ஆனா ரூல்னா ரூல்தான்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புத்தூர் சாலை விபத்தில் நீ போன பிறகு யாரும் பகடையைத் தொடவில்லை. போன ஞாயிறுதான் மறுபடி உட்கார்ந்தோம். உன் இடத்தில் கிரி. தொடங்கும் முன்பே தணிந்த குரலில் சொன்னான்: "அக்கா, உன் ஈட்டிக்கு முதல் குத்து குடுத்துடறேன். இனிமே யாரு கேக்கப் போறாங்க?"

நான் கேட்டேன். நீ எடுத்துவைத்த வாதம் ஒன்றுவிடாமல் நானே எடுத்துவைத்தேன். முதல் குத்தும் ஈட்டிக்கே என்றால் கோடரியை எவன் தொடுவான், எல்லாரும் வாசலில் ஈட்டியை நீட்டிக்கொண்டு நின்றால் அரக்கன் எப்படி உள்ளே வருவான் என்று கத்தினேன். லதா என் கையைப் பிடித்தாள். கிரி மிரண்டுபோய், பழைய விதியே இருக்கட்டும் என்றான். அடுத்த சண்டையிலேயே ஒரு பூதம் பாய்ந்து வந்து என் ஆளைச் சாய்த்துவிட்டது.

ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. நீ சொன்னது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. உன்னோடு மல்லுக்கட்டி வாங்கவேண்டியதை, நீ இல்லாத இடத்தில் இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்கமாட்டேன். உள் அறைக்குப் போய் அழுதேன், அதுவும் உண்மைதான். செத்துப்போன என் ஆளுக்குப் பதிலாக, வருகிற ஞாயிற்றுக்குப் புதிதாக ஒரு வீராங்கனையை உருவாக்கி வைத்திருக்கிறேன். அவள் கையிலும் ஈட்டிதான்.