ஏறிய வெள்ளை அணுக்கள்

நெய்வேலி,
17.7.2016

அன்பு மகள் பிரபாவதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். அப்பாவும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி என்றதும் நீ உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னாய். அப்பாவோடு மைன்ஸில் ஒரே ஷிப்ட் பார்த்த வேணு, ரிட்டயர்டானபின் குள்ளஞ்சாவடியில் வைத்தியம் பார்க்கிறான் இல்லையா, அவன் வந்து, கத்தி பட்டா பரவிடும் அண்ணி, எதிர்ப்பு சக்திய ஏத்திக்கினே போனா கட்டி தானா கரைஞ்சிடும் என்று ஒரு பச்சைப் பொடியைக் கொடுத்தான். அதைக் குப்பையில் கொட்டச் சொன்னாய் நீ. நாலு எழுத்து படிச்சிட்டா பெத்தவளுக்கே புத்தி சொல்லுவியா என்று கத்தி, ஒரு மாதம் உன்னோடு பேசாமல், அப்பாவுக்கு அந்தப் பொடியையே கொடுத்துவந்தேன். அந்த மாதம் ரத்தம் பரிசோதித்ததில் வெள்ளை அணுக்கள் இரண்டு மடங்கு ஏறியிருந்தன. பாருங்க அண்ணி, சக்தி எப்படி ஏறிக்கினு வருது என்று வேணு சிரித்தான். நானும் நம்பி, கேசரி கிளறி நம் வரிசை குவார்ட்டர்ஸ் எல்லாவற்றுக்கும் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அப்பா கம்பெனி பஸ்சுக்கு நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் சுப்புலட்சுமி ரத்தத்தை மறுபடி பார்த்துவிட்டு, ஏறியிருப்பதில் பெரும்பாலும் முற்றாத அணுக்கள்தான் என்றார். கட்டி சும்மா இருக்காதும்மா, ரத்தத்துல சில பொருள கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் அனுப்பும், அங்க வளர்ற அணுக்கள் முழுசா வளராமலே கூட்டமா வெளிய வந்துடும், அதுங்க கட்டிய எதிர்க்காது, எதிர்க்கப் போற நல்ல அணுக்களையும் தடுக்கும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது பாப்பா. அப்பா எலும்புக்குள் விளைகிற பிஞ்சுகளைக் கெடுத்துத் தனக்கே காவலாக நிறுத்திக்கொள்கிறது, என்ன அசிங்கம் பிடித்த கட்டி இது. அதற்குப் போய் நான் ஊருக்கே இனிப்பு கொடுத்திருக்கிறேன். இப்போது ரவை வறுபடும் வாசனை வந்தாலே குமட்டுகிறது.

நாங்கள் திரும்பிய அன்றே வேணு வந்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அண்ணன் உடம்புக்கு ஒத்துக்கல, வேற பொடி தரேன், டீ குடுங்க என்று கூசாமல் உட்கார்ந்தான். அவன் கண்ணெதிரே பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். அவன் போனபின்பு அவன் உட்கார்ந்த நாற்காலியை இரண்டு தரம் கழுவினேன், அருவருப்பு போகவில்லை. அவனைவிட என் மீதுதான் எனக்கு அருவருப்பு.

கட்டி ஈரலுக்குப் பரவவில்லையாம், அது ஒன்றுதான் ஆறுதல். ஆகஸ்ட் இரண்டாம் தேதி ஆபரேஷன். உனக்குச் சொல்லக்கூடாது, பிள்ள வேலைய வுட்டுட்டு ஓடியாரும் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நேற்று உன் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சத்தியத்தை மீறிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு வண்டி ஓட்டாதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. என்னை மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள், முதலில் புறப்பட்டு வா.

உன் அம்மா,
பொற்கொடி கலியன்