றுமைஸ் கட்டிய ஐஸ் தொட்டி

கல்முனைக்குடி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

என் துஆவில் எப்போதும் முதல் பெயராக நிற்கும் மகன் றாஸிக்குக்கு, உன்னை வளர்த்த சாச்சா முகைதீன்பாவா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் சாச்சி றாஹிலாவும் எங்கள் மகள் நுஸ்ஹாவும் உன் தங்கச்சி ஸம்றாவும் இந்த மாரி மழையில் நனைந்தாலும் அல்லாஹ்வின் கிருபையால் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கத்தாரில் நீயும் வேளைக்குத் தொழுது வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்கிறேன் மகன், நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பார். போன கிழமை நீ போனில், சாச்சா, மச்சான்ட தொட்டி சரிவந்தா அவர் ஊரோட நிக்கட்டும், சரிவராட்டி இந்த விசாவுக்கு வரட்டும், கம்பனிக்காரன் பதில் கேட்டுக்கிட்டு இரிக்கான், நீங்க நேர்ல பாத்து உள்ளத எழுதுங்க, ஒங்கட சொல்லுத்தான் எனக்குச் சொல்லு என்றாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் மெதுவாகக் கதைத்தாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும், ஸம்றாவோ பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு புருஷன் போவானா நிற்பானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறாள். ஆகவே எழுதி, லீவு முடிந்து திரும்புகிற றிபாத்தின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் மச்சான் றுமைஸ் பின்லாந்தில் இரண்டு குளிர்காலம் ஹோட்டலில் தரை துடைத்துவிட்டு வந்தவன். அங்கே அவன் படித்துக்கொண்டு வந்த ஒரே வித்தை, ஒரு பலகைக் கூட்டுக்குள் குந்தியிருந்து வெந்து, பிறகு ஓடிப்போய் ஐஸ் தண்ணீரில் விழுவது. சவுனா என்று பெயராம். பின்லாந்துக்காரனுக்கு வெயில் இல்லை, பாவம், அவன் பலகைக்குள் நெருப்பு மூட்டி வெயில் செய்கிறான். நமக்கு என்ன கேடு? சித்திரை மாதத்தில் நம் கடைத்தெருவில் ஒரு தேங்காய் வாங்கப் போய் வந்தாலே ஆள் அவிந்துபோவான். இதை நான் முகத்துக்கு நேரே கேட்டேன். அதுக்கு அவன், அது வேற சூடு சாச்சா, ஒங்களுக்கு வெளங்காது என்றான். எனக்கு விளங்காதாம்! நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் சாகாமக் குளம் இந்த வருஷம் நிரம்பி வான் பாயுமா பாயாதா என்று எஞ்சினியர்மார் ஜீப்பை நிறுத்தி என்னைக் கேட்டுவிட்டுப் போன காலம் இருந்தது. ஒருதடவை மந்திரி ஒருவரே கேட்டார், பெயர் வேண்டாம். சூடு, தண்ணீர் இரண்டிலும் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு பின்வளவில் கூட்டை அடித்தான், பாதி பீப்பாயில் அடுப்பு, அடுப்புக்கு மேல் கருங்கல், கல்லில் தண்ணீர் தெளித்தால் புகை மாதிரி ஆவி. உள்ளே எட்டிப்பார்த்தேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு நொச்சி இலை அவித்து வேது பிடிப்பார்களே, அதே வேலை. அதுக்கு ஒரு பானையும் ஒரு போர்வையும் போதும், இவனுக்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது. பிள்ளையும் பெறாமல் தடிமனும் பிடிக்காமல் வேது பிடிக்கிற ஆண்களை என் ஆயுளில் இப்போதுதான் காண்கிறேன் என்று நான் பகிடி பண்ணினேன், அவன் வெட்கமில்லாமல் அடுத்த நாளே நொச்சிக் கொப்புகளை உள்ளே தொங்கவிட்டான். அதுக்குப் பிறகுதான் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரத்தொடங்கினார்கள். யோசனை என்னுடையது, ஒரு நன்றி கிடையாது.

அதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். இல்லை, வெந்தவன் குளிர்ந்தால்தான் சவுனா முழுமையாகுமாம், குளிர்த்தொட்டி இல்லாத சவுனா சுன்னத்துச் செய்யாத கலியாண மாப்பிள்ளை மாதிரி என்று அவனே ஒரு ஹதீஸ் இல்லாத விளக்கம் சொன்னான். தொட்டி வேண்டும், அதுவும் நிலத்துக்குள் இறக்கியதாக வேண்டும், பின்லாந்தில் ஏரிக்குள் இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும். நான் ஸம்றாவைக் கூப்பிட்டு, புள்ள, வளவத் தோண்ட விடாத என்று புத்தி சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பாமல், என்ட வளவுதானே சாச்சா, என்ட புருசன் தோண்டினா என்ன, கத்தார்ல போய் மத்தவன்ட மண்ணத் தோண்டுறதுக்கு இஞ்சயே தோண்டட்டும் என்றாள். வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கிற நம் ஊர் வழக்கத்தில் இதுதான் தொல்லை, எழுதிக் கொடுத்த கை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாண்டிருப்பிலிருந்து மேசன் கந்தப்போடியைக் கொண்டுவந்தான். கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்து கிடந்த காலம், தோண்டத் தோண்ட வெறும் மணல், ஊற்று எங்கேயோ கீழே கிடந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷத்தில் பெரிய புளுகம். கந்தப்போடியைத் தள்ளி வைத்துக் கேட்டேன், மாரிக்கு என்னடாப்பா செய்யப்போறாய் என்று. அவன், முகைதீன் போடியார், வெளித்தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்குப் போகாது, போனா என்ட பேர மாத்துங்க என்று சத்தியம் பண்ணினான். சொன்ன மாதிரியே கம்பி கட்டிக் கொங்கிரீட் போட்டு உள்ளேயும் வெளியேயும் சீமெந்து பூசிப் பூசி, தோணிக்குக்கூட அப்படி ஓட்டை அடைக்கமாட்டார்கள், அப்படி அடைத்தான். அன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து பள்ளிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன், இது இருந்த இடத்தில இருக்காது, ரெண்டாப் பொளக்கும், பொளக்காட்டி என்ன முகைதீன்பாவா என்டு கூப்பிடாதீங்க என்று. கடை நிறைய ஆள். சாட்சி வேண்டுமென்றால் கல்முனையில் பாதிப்பேர் இருக்கிறார்கள்.

பிறகு ஐஸ். பின்லாந்தில் அது வானத்தில் இருந்து சும்மா விழுகிறது, இங்கே ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் போய் மீன்காரரிடம் கெஞ்சி, அவர்களுடைய பெட்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். தொட்டிக்குள் கொட்டினால் ஐஸோடு செதிலும் மிதந்தது. முதலில் இறங்கியவர் அரிசி மில் மசூர் ஹாஜியார். கூட்டுக்குள் இருந்து இறால் மாதிரிச் சிவந்து வந்து சாரனோடு குதித்தார், சாரனுக்குள் காற்றுப் போய் அது கூடாரம் மாதிரி எழும்பி முகத்தை மூட, உள்ளேயிருந்து யா அல்லாஹ் என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் மௌத்து என்று நினைத்து இன்னா லில்லாஹி ஓதிக்கொண்டு ஓடி வந்தார்கள். பள்ளி மோதினார்கூட மௌத்தை அறிவிக்க மைக்கைக் கையில் எடுத்துவிட்டார் என்று கேள்வி. மேலே வந்த மனிசன் நடுங்கிக்கொண்டு, முகைதீன், முப்பது வயசு கொறஞ்ச மாதிரி இரிக்கி என்றார். முப்பது குறைந்தாலும் மீன் மணம் கூடியதைச் சொல்லவில்லை, வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, மார்க்கட்டுக்கா போன நீங்க என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நாளும் வந்தார். அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவரைப் பார்த்து ஜிம்முக்குப் போகிற பெடியன்களும், உழவு மெஷின் ஓட்டுகிறவர்களும், ஒரு வங்கி மனேஜரும் வரத்தொடங்கினார்கள். காசு கொடுத்து நடுங்குகிற சனத்தை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா மகன்? பார்வைக்கு ஒவ்வொருத்தனும் ஐஸ் பெட்டியில் வைத்த கும்பளா மீன், வாய் பிளந்து, கண் மேலே பார்த்து.

மீன் மணம் போகவேண்டும் என்றுதான் எல்லாம் நடந்தது. கார்த்திகை மழை விடாமல் கொட்டி வளவெல்லாம் தண்ணீர் கட்டி நின்ற நேரம், கிணற்றில் கையால் அள்ளலாம், அந்த நேரம் பார்த்து இந்தப் பின்லாந்து மூளை மோட்டரைப் போட்டுத் தொட்டியை அடிமட்டும் இறைத்து, உரஞ்சிக் கழுவி, காயட்டும் என்று விட்டுவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டது. நான் என் வீட்டு விறாந்தையில் இருந்தேன். குசினிப் பக்கம் நின்ற ஸம்றா, சாச்சா, தொட்டி எழும்புது, ஓடி வாங்க, தொட்டி எழும்புது என்று கத்தினாள். ஓடிப்போனேன். என் கண்ணால் பார்த்தேன் மகன், அவ்வளவு பாரமான கொங்கிரீட் தொட்டி, முட்டை போட வந்த கடலாமை மாதிரி மணலை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்தார்களே, அடைத்த தண்ணீர் கீழே போய் முதுகு கொடுத்துத் தூக்கிவிட்டது. தொட்டி கட்டவில்லை அவர்கள், கப்பல் கட்டியிருக்கிறார்கள், வெறும் கப்பல் மிதக்காமல் என்ன செய்யும்? றுமைஸ் சோற்றுக் கையோடு ஓடிவந்து விளிம்பில் ஏறி நின்று குதித்தான், அமுக்குகிறானாம். அமுக்கவும் அது அவனையும் சேர்த்துத் தூக்கியது. நான் கீழே நின்று, எங்க மகன் பயணம், பின்லாந்துக்கா என்று கேட்டேன். அந்த நிலையிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை, தாழும் என்டெல்லவா சாச்சா எல்லாரும் நெனச்ச என்றான். தாழ்ந்தா என்ன எழும்பினா என்ன, இருந்த இடத்தில இருக்காது என்டுதான் நான் சொன்னன் என்று அந்த இடத்திலேயே வாயை அடைத்தேன். மேலே வந்த தொட்டி ஒருபக்கம் சரிந்து, நடுவால் பளீர் என்று வெடித்து, தேங்காய்ப் பாதி மாதிரி இரண்டாகப் பிளந்து கிடந்தது. வெடித்த சத்தத்துக்குப் பக்கத்து வளவுக் கோழி அடையை விட்டு எழும்பி ஓடியது. கந்தப்போடி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான், பெயரை என்னவென்று மாற்றலாம் என்று கேட்டேன்.

ஆக, நீ கேட்டதுக்கு என் சொல் இதுதான். தொட்டி சரிவரவில்லை, இனி வரவும் மாட்டாது. கம்பனிக்காரனிடம் ஆள் வருவான் என்று சொல். றுமைஸ் கெட்டவன் இல்லை, மூளை மட்டும் இன்னும் பனிக்குள் இருக்கிறது, கத்தார் வெயிலில் உருகினால் சரியாகும். ஸம்றா அழத்தான் செய்வாள், கலியாணம் முடித்த நாளில் இருந்து அவன் ஊரில் நின்ற காலத்தைவிட நிற்காத காலம்தான் கூட, பிள்ளை பிறக்கிற நேரமும் அவன் இருக்கமாட்டான், அதெல்லாம் எனக்கும் தெரியும். நாங்கள் பார்த்துக்கொள்வோம். சாச்சி இப்போதே பிள்ளைத் துணிக்குப் பழைய வெள்ளைச் சாரன்களைக் கிழித்துத் துவைத்துக் காயவைக்கிறாள், மழையில் எங்கே காய்கிறது. வயல் இந்த முறை நல்ல பச்சை, களைக்கு மருந்து அடித்தாயிற்று, நான் சொன்ன அளவில்தான் அடித்தார்கள். நுஸ்ஹா சோதனைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பார்க்கிறாள். நீ அங்கே ஏசிக்குள் தலை ஈரத்தோடு படுக்காதே, சுபஹ் தொழுகையை விட்டுவிடாதே, அறையில் கூட இருக்கிறவர்களோடு அரசியல் கதைக்காதே. யாராவது உன்னை ஐஸ் தண்ணீரில் இறங்கச் சொன்னால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடு. றிபாத் அடுத்த முறை வரும்போது சாச்சியின் முழங்காலுக்குப் பூசுகிற அந்தப் பச்சைத் தைலம் கொடுத்தனுப்ப மறவாதே, போன தடவை அனுப்பியதை ஊர் முழுக்கப் பூசி முடித்துவிட்டாள். அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் சுகமும் தந்து, நல்ல முகத்தோடு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டும் கேட்கும் சாச்சா,
ஆ. முகைதீன்பாவா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன் மகன். கடிதத்தை மடிக்கிற நேரம் ஸம்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, சாச்சா, கத்தார்ல இரிக்கிற என்ட காக்காக்குத்தானே எழுதுறீங்க, உள்ளதத்தானே எழுதின என்று கேட்டாள். ஓம் புள்ள என்றேன். அவள் சீனி போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதுக்குப் பிறகு இந்தக் கடிதம் மடிபடவில்லை.

எழும்பியது உண்மை. சரிந்ததும் உண்மை, ஆமையும் கோழியும்கூட ஏறக்குறைய உண்மை. திரும்பத் தண்ணீரை விட்டதும் தொட்டி பாதிக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டது, கந்தப்போடி அடியில் மணல் இறுக்கி மட்டம் பார்த்து, ஏறி இறங்க நாலு படியும் கட்டிக் கொடுத்திருக்கிறான், மாரி முடியும்வரை அதை வெறுமையாக்குவதில்லை என்று றுமைஸ் சத்தியம் பண்ணியிருக்கிறான். எழும்பிய தொட்டியைப் பார்க்கவென்றே அக்கரைப்பற்றில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், பைத்தியங்கள், வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போவதில்லை, வெந்து விழுந்து நடுங்கிவிட்டுத்தான் போகிறார்கள். இதை எழுதுகிற இந்த நேரமும் மசூர் ஹாஜியாரின் சத்தம் கேட்கிறது. கம்பனிக்காரனிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல். இரண்டாகப் பிளந்தது என்று மேலே எழுதினேனே, அது நான் பிளந்தது. தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.