கொடிக்கயிற்றில் தேன்சிட்டு

பெரியநாயக்கன்பாளையம்
22.2.1995

மஸ்கட்டில் வேலை பார்க்கும் திரு. பாலகோபால் அவர்களுக்கு, மனைவி ராமாமணி எழுதுவது. மாமா என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் பெயர். உங்கள் அம்மா பார்த்தால் திட்டுவார், திட்டட்டும். இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நான் கேட்கப் போவதில்லை.

மார்கழியில் நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். செம்பருத்தி வை, இட்லிப்பூ வை, மருந்து அடிக்காதே, தேன்சிட்டு தானாக வரும் என்று. அவ்வளவும் குருவிக்கு. வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு வரி இல்லை. பிரசவத்துக்கு வர மானேஜர் லீவு தரவில்லையாம். சென்ற வாரம் ஊருக்கு வந்த உங்கள் கூட்டாளி சென்னிமலை, "அவனேதானுங்க லீவை எனக்கு உட்டுக்குடுத்தான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சொன்னபடி எல்லாம் வாங்கி நட்டேன், என் புத்தி. உங்கள் குருவியும் வந்துவிட்டது. சிட்டுக்குருவிக்கு வைப்பது போல அத்தை கம்பு இறைத்தார், அணில் தின்றது. இது பூவில் தேன் குடிக்கிற ஜாதி என்றால் கேட்பாரா? அடையாளம் காணப் பெரிய படிப்பும் வேண்டியதில்லை. ஆண் தூரத்தில் கறுப்பு, வெயில் பட்டால் ஊதா, வளைந்த மூக்கு. பெட்டைக்கு வயிறு மஞ்சள். கூடு கட்டிய இடம் எது தெரியுமா? துணி காயப்போடும் கொடிக்கயிறு. நாரும் சிலந்தி நூலும் சுமந்து பெட்டைதான் கட்டியது. அடை காத்ததும் அதுதான். ஐயா கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். யாரைப் போல என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

சென்னிமலை காபி குடித்துப் போன கையோடு, கூட்டைத் தட்டிவிடக் குச்சியைத் தூக்கினேன். "முழுகாம இருக்கறவ கூட்டைக் கலைக்கப்படாது அம்மணி" என்று அத்தை பிடுங்கிக்கொண்டார். ஈரத்துணி எல்லாம் இப்போது மதில்மேல் காய்கிறது.

போன பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று நீங்கள் யாரோடும் பேசவில்லை. உங்கள் பயம் எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். ஆனால் இந்த வயிற்றை யாரிடம் விட்டுக்கொடுத்துவிட்டு நான் ஓடுவேன்? பங்குனிக் கடைசி என்று டாக்டரம்மா சொல்கிறார்.

நேற்றுக் குஞ்சு பொரித்தது. காலையில் அந்த ஆண் குருவி வாயில் புழுவோடு வந்தது. கூட்டருகே போக அஞ்சி, கயிற்றில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தது. நான் அசையாமல் நின்றேன். பிறகு போய் ஊட்டியது.

என் கோபம் தீரவில்லை. நீங்கள் வந்தாலும் திட்டத்தான் போகிறேன். மாசாணியம்மன் துணை இருக்கட்டும். வந்துவிடுங்கள், மாமா.

ராமாமணி