முன்னூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்

ஓஷ், ஏப்ரல் 4

அன்புள்ள உலுக்மான் அண்ணாவுக்கு,

சலாம். பிஷ்கெக்கில் பனி விட்டதா? போன் செய்தால் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் "நீ சொல்லவே இல்லையே" என்று பிறகு தப்பிக்கவும் முடியாது.

அம்மாவின் சிறுநீரகக் கல் பெரிதாகிவிட்டது. எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தும் வர மாட்டேன் என்கிறாள். நான்கு மாதமாக நம்மூர் ஊற்றுத் தண்ணீர்தான் மருந்து. கேட்டால், "ஆராய்ச்சி பண்ணி நெட்ல போட்டிருக்காங்கடி. முன்னூத்திப் பன்னெண்டு பேர் குடிச்சதுல இருநூத்தி எண்பது பேருக்குக் கல்லு கரைஞ்சுபோச்சாம்" என்கிறாள்.

சரியென்று என் இறுதியாண்டு ஆய்வுக்கே அதை எடுத்துக்கொண்டேன். தேடினால் பதினொரு தளங்களில் அந்த வரி இருக்கிறது, ஒரு சொல் மாறாமல். ஒன்றில் தேதி இல்லை. இன்னொன்றில் எழுதியவர் பெயர் இல்லை. மற்றொன்று தண்ணீர் பாட்டில் விற்கிற கடை. சின்ன வயதில் விருந்தாளி வந்தால் நம்மை நிற்க வைத்து ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொல்லச் சொல்வார்களே, அதே மாதிரி அந்தச் செய்தியை நிற்க வைத்துக் கேட்டேன். உன் அப்பன் யார்? அவனுக்கு அப்பன் யார்?

நாலாவது தலைமுறையில் நீ வேலை பார்க்கிற செய்தித் தளம் வந்தது. அதற்கு மேல் யாரும் இல்லை. ஆராய்ச்சி செய்தவர் பெயர் "டாக்டர் வி. பி. கோஸ்லோவ், 1964" என்று போட்டிருக்கிறது. நம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பெயர் அது.

அதை எழுதியது நீ இல்லை என்று சொல், அண்ணா.

உன் தங்கை,
பெர்மெட்

*

பிஷ்கெக், ஏப்ரல் 11

என் குட்டி நீதிபதிக்கு,

கண்டுபிடித்துவிட்டாயே, கெட்டிக்காரி! சேர்ந்த புதிதில் எழுதியது. "நம்பர் இல்லாத செய்தியை எவன்டா படிப்பான்?" என்றார் ஆசிரியர். ஒரு நம்பர் போட்டேன். கோஸ்லோவ் சார் பெயர் கையில் வந்தது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மாமாவின் விருந்தினர் விடுதி நிரம்பி வழிகிறது, ஊருக்கு ரோடு வந்திருக்கிறது. இப்போது போய்ப் பொய் என்று சொன்னால் என்னை வேலையை விட்டுத் துரத்துவார்கள், ஊரில் காறித் துப்புவார்கள். வேறு தலைப்பு எடுத்துக்கொள். அம்மாவை எப்படியாவது சமாதானப்படுத்து. குருத் தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்பச் சொல், இங்கே கிடைப்பதில் உப்பே இல்லை.

அண்ணன்,
உலுக்மான்

*

ஓஷ், ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

தலைப்பை மாற்ற மாட்டேன். ஆவணக் காப்பகத்துக்கும் மருத்துவ நூலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. என் ஆய்வின் பதினேழாம் பக்கத்தில் அந்தப் பொய்யின் வம்சாவளியை வரைந்திருக்கிறேன். பதினொரு தளங்கள் கிளைகள். வேரில் உன் பெயர். ஜூனில் பேராசிரியர்கள் முன்னால் அதைப் படிக்கப் போகிறேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஊருக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"பதினோரு பேரும் பொய்யாடி சொல்றாங்க?"

"பதினொண்ணும் ஒரே வாய்தாம்மா."

"நீ இன்னும் படிச்சே முடிக்கல. என் புள்ள எழுதினதை உலகமே படிக்குது, அது உனக்குப் பொறாமை."

எழுதியது நீதான் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால்தான் குடிக்கிறாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, உன் பெருமைக்காகக் குடிக்கிறாள். எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பெர்மெட்

*

பிஷ்கெக், மே 2

பெர்மெட்,

இன்று காலை எங்கள் தளத்திலேயே போட்டுவிட்டேன். "அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை, எண்கள் நான் கற்பனை செய்தவை" என்று என் பெயரோடு, போட்டோவோடு. மத்தியானமே மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாமா போனில் பேசியதை எழுத முடியாது. பதினொரு தளங்களில் ஒன்றுகூட இந்த மறுப்பை எடுத்துப் போடவில்லை, பார்த்தாயா? பொய்க்கு இருந்த கால் இதற்கு இல்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இனி வருவாள்.

உலுக்மான்

*

ஓஷ், மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊருக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை. உன் போட்டோவைத் தடவிப் பார்த்தாள். "எளைச்சுட்டான். யாரோ மிரட்டி எழுத வெச்சிருக்காங்க. என் புள்ள பொய் சொல்ல மாட்டான்" என்றாள். இன்னொரு கோப்பை ஊற்றிக் குடித்தாள்.

யார் எழுதியது, எப்போது, எதற்காக, வேறு யார் சரிபார்த்தது என்று கல்லூரியில் நான்கு கேள்வி சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: என் மகன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னானா?

நீ எழுதியதைப் படித்து அழுதேன், பெருமையாகவும் இருந்தது. ஆனால் அதோடு உன்னை விட மாட்டேன். ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்கிழமை. அதைத் தள்ளினால் அந்தச் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைதான் இல்லையே, சாக்குச் சொல்லாமல் கிளம்பு. அவள் எதிரில் உட்கார்ந்து, "நான்தாம்மா பொய் சொன்னேன்" என்று உன் வாயால் சொல்.

தண்ணீர்க் கேன் அவள் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. நான் தொட மாட்டேன். நீயே வந்து கொட்டு.

உன் தங்கை,
பெர்மெட்