பானை மூடிக்கு ஒரு கல்

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சொல்லச் சொல்லப் பக்கத்து அறை டிரைவர் தம்பி எழுதுகிறார். மருமகள் உனக்கு நிறுத்தி வாசிக்கட்டும்.

இந்தச் சுரங்கத்தில் சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஈயக்கல் கோடு கோடாக ஓடுகிறது. தட்டினால் சதுரம் சதுரமாக உடையும். உடைத்த பக்கம் புதுக் கண்ணாடி மாதிரி மின்னும், நாள்பட்டால் மங்கிவிடும். கைக்குள் அடங்குகிற கல்தான், ஆனால் அம்மிக் குழவி கனம் கனக்கும். எலி பானை மூடியைத் தள்ளுகிறதே என்று அதில் ஒன்றைக் கொண்டுவந்து மூடிமேல் வைத்திருந்தேன். சாப்பிடும்போது எதிரே மின்னிக்கொண்டிருக்கும். யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

நேற்று மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"யோவ் பெருசு, ஈயம்யா அது! அந்தத் தூசி சோத்துல விழுந்தா வெஷம்யா!"

"எலிக்குப் பயந்துதாங்க வச்சேன்."

"எலி பொழைச்சுக்கும், உனக்குத்தான் சங்கு!"

எல்லோரும் சிரித்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கோளாறு ஒன்றும் இல்லையாம். நீ பயப்படாதே. கல்லை மட்டும் மேஸ்திரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கிருந்து நம் ஊருக்கு லீவில் வந்திருக்கும் வெல்டர் திரும்பும்போது, நீ இஞ்சி தட்டுகிற சின்னக் கல்லைக் கொடுத்துவிடு. கல் வெட்டுகிற இடத்தில் கல்லுக்கா பஞ்சம் என்று மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். நீ வேறு கல் வாங்கிக்கொள். டிரைவர் தம்பிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, எழுந்துவிட்டார். கடைசி வரியை நானே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

கல்லைக் கழுவாமல் கொடுத்துவிடு.

உன் வீட்டுக்காரன்